பி வாசலில் யாரோ

எங்கள் தொழிற்சாலை ஆபீசில் அனோஜா அளவுக்குப் பயப்படுகிற ஆளை நான் கண்டதில்லை. நாயைக் கண்டால் பயம், தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் சத்தம் கேட்டால் பயம், டெலிபோன் அடித்தால் பயம். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையை அடித்து முடித்துவிட்டு, என்டர் தட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொள்வாள்.

"பட்டனத் தட்டுறதுக்கெல்லாம் மாதாவ ஏன்டி கூப்புடுற?" என்று கேட்பேன்.

"தட்டுனதுக்கு அப்புறம் கூப்புட்டா அவங்களாலதான் என்னக்கா பண்ண முடியும்?" என்பாள்.

பதில் சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் எரிச்சல் வரும். நான் சுலக்ஷனா. அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தொழிற்சாலைச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் பேச்சு. இருக்கட்டும். பயந்து பயந்து பேசுகிறவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் நீளும்.

அனோஜா பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, கொழுந்து பறிக்கப் போன இடத்தில் அவளுடைய அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. கூடு கலைவதற்கு முன்னாலேயே ஒரு இரைச்சல் கேட்டதாம். நிரையில் நின்ற பெண்கள் பலருக்கும் கேட்டிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு நின்றால் கங்காணி ஏசுவான் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அம்மா உயிரோடு வீடு திரும்பவில்லை. இதை அனோஜா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுடைய பயத்தைக் கேலி செய்தாலும் கொஞ்சம் அளவோடு செய்தேன்.

ஹற்றனில் கம்ப்யூட்டர் படித்தாள். அக்கரப்பத்தனையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஜூட்சனைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் வீடு. நான் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம், பதினோராம் நம்பர் மலைக்கு நேர் கீழே, தோட்டத்தின் கோடியில் உள்ள தொங்கல் லயத்தில். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு கிடக்கிற என் அம்மா பேச்சியம்மாவும் என்னோடுதான்.

அந்த மலையைப் பற்றிச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அதன் உச்சியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வெடித்துவிட்டது. பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து, வெடிப்பின் இரண்டு கரையிலும் இரும்புக் கம்பம் நட்டு, நடுவே ஒரு கம்பி இழுத்து, ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். வெடிப்பு எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று பெட்டி அளந்து, ஒரு நீண்ட கேபிள் வழியாகக் கீழே எங்கள் ஆபீசுக்கு அனுப்பும். ஆபீசில் அதை வாங்கிக்கொள்ள ஒரு பழைய யுனிக்ஸ் மெஷினையும் அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள். சாம்பல் நிறத்தில் பெரிய பெட்டி. படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துத்தான் வரும். திரையின் மேல்பாதியில் மலையின் எண் பெரிதாகத் தெரியும். முப்பதுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. கீழ்ப்பாதியில் மெஷின் தனக்குத் தோன்றியதைப் பொடி எழுத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்.

மெஷினின் முதுகில் சீரியல் போர்ட் என்று இரண்டு வாசல்கள், ஏ ஒன்று, பி ஒன்று. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். மலையிலிருந்து வரும் கேபிள் ஏ வாசலில் இருக்கவேண்டும். பி வாசல் பழுதுபார்க்க வருகிறவர்களுக்கு. அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை அதில் மாட்டினால், மெஷின் முதலில் பெயரைக் கேட்கும், பிறகு ரகசியச் சொல்லைக் கேட்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் உள்ளே விடும்.

எண் முப்பதைத் தாண்டினால் தொழிற்சாலைச் சங்கு தானாக ஊதும்படிதான் முதலில் வைத்திருந்தார்கள். போன வருடம் ஒரு இடி விழுந்ததில் அது சும்மா ஊதிவிட்டது. சனம் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. சங்கு நின்றதும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. திட்டு முழுவதும் அனோஜாவுக்கு. அவள் அந்தப் பக்கமே போகவில்லை, ஆனால் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவள் அவள்தானே. துரை மெஷினிலிருந்து சங்குக்குப் போன வயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். இனிமேல் தன் வாயால் சொல்லாமல் யாரும் சங்கைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

இந்த வருடம் ஆயுத பூசை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அன்றைக்கு மெஷின் என்று பெயருள்ள ஒன்றையும் விட்டுவைக்கமாட்டார்கள். கொழுந்து அரைக்கும் ரோலரிலிருந்து ஆபீஸ் ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டவேண்டும். ஃபிட்டர் செல்லசாமி அண்ணன் இதில் பெரிய ஆள். யுனிக்ஸ் மெஷினையும் வாசலில் மாட்டியிருந்த கேபிளைக் கழற்றி, முதுகு பளபளக்கத் துடைத்து, இரண்டு வாசலுக்கு நடுவிலும் அழகாக ஒரு பொட்டு வைத்து, மறுபடி மாட்டிவிட்டார். அனோஜா அன்றைக்கு லீவு. மறுநாள் வந்தபோது திரையில் எண் பச்சையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு. நான் எடுத்துவைத்திருந்த சுண்டலைத் தின்றுகொண்டே அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அடுத்து வந்த நாட்களில் அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். கடைசியில் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு வந்து, திரையின் கீழ்ப்பாதியைக் காட்டினாள்.

"அக்கா, பி வாசல் வழியா யாரோ உள்ள வரப் பாக்குறாங்க."

பொடி எழுத்தில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. பி வாசலில் ஒருவர் பெயர் சொன்னார், ரகசியச் சொல் தப்பு, அனுமதி இல்லை. மறுபடியும் பி வாசல், மறுபடியும் அனுமதி இல்லை. பெயர் என்று அந்த ஆள் கொடுத்ததெல்லாம் எண்கள். பதின்மூன்று. பதின்மூன்றரை. பதினாலு.

"ஒவ்வொண்ணா கூட்டிக் கூட்டி முயற்சி பண்றான்," என்றாள். "கள்ளனுங்க இப்புடித்தான் பண்ணுவாங்களாம். எதாவது ஒண்ணு பொருந்திருச்சுன்னா உள்ள பூந்துருவான். அப்புறம் தொரை என்னத்தான் கேப்பாரு."

"அடியே, இந்த டப்பாக்குள்ள பூந்து எவன் எதத் திருடப் போறான்? மலையத் தூக்கிட்டுப் போவப் போறானா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையின் கீழ்ப்பாதியில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவைத்தாள். ஆனால் பயந்தவளுக்குச் சும்மா இருக்க முடியுமா? காகிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரு நிமிடம் விடவில்லை. இந்த மழையில் கொழுந்து பறிக்க முடியாது என்று காலையில் ஆள் சேர்க்கும் பெரட்டிலேயே பெயர் குறித்துவிட்டு ஆட்களை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் அவரவர் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. துரை கூட்டம் என்று நுவரெலியாவுக்குப் போயிருந்தார். மதியத்துக்குப் பிறகு போனில் சிக்னலும் போய்விட்டது.

அனோஜா காகிதத்தைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, அவன் வேகமா வாரான். காலையில இருபதுல நின்னான். இப்ப நாப்பத்திரெண்டு."

யாரும் இல்லாத வாசலில் நின்றுகொண்டு ஒருத்தன் விடாமல் கதவைத் தட்டுகிறான் என்றால் யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது? "அந்த வாசல்ல மாட்டியிருக்கிறதப் புடுங்கி எறிடி, கள்ளன் எப்புடி வாரான்னு பாப்போம்" என்றேன்.

அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து போனாள். பிடுங்கும் சத்தம் கேட்டது. திரையில் பொடி எழுத்துக்கள் நின்றுவிட்டன. அடுத்த வரி விழவில்லை. "போய்ட்டான்டி!" என்றேன். எட்டிப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து கையிலிருந்த கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலையில் காய்ந்த சந்தனம். இரண்டு வாசலுக்கும் சேர்த்து அந்த ஒரு கேபிள்தான் இருந்தது. ஏ வாசலில் ஒன்றுமே இல்லை.

"கள்ளன் இல்லக்கா," என்றாள். "மலை."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூசையன்று துடைத்துவிட்டு மாட்டும்போது கேபிள் வாசல் மாறிப்போயிருக்கிறது. மலை அனுப்பிய அளவையெல்லாம் பி வாசல் யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்து, ரகசியச் சொல் கேட்டு, விரட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மேலே பச்சையாகத் தெரிந்த பன்னிரண்டு, பூசையன்று கேபிளைக் கழற்றுவதற்கு முன்னால் ஏ வாசலில் கடைசியாக வந்த எண். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் வராததால் மெஷின் அதையே காட்டிக்கொண்டு நின்றது. பச்சையைப் பார்த்துவிட்டு நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நாற்பத்திரண்டு என்றால் எல்லையைத் தாண்டி எவ்வளவோ தூரம். அந்த மலைக்குக் கீழே இரண்டு லயம் சனம். என் அம்மா.

"சங்க அழுத்துடி!" என்று கத்தினேன்.

"இது நெசந்தானான்னு தெரியாதேக்கா. அனுமதி இல்லாத எண்ண நம்பி... போன வருசம் மாதிரி ஆயிட்டா? அடுத்த தடவ ஒருத்தரும் வரமாட்டாங்களே." அழுதுகொண்டே கேபிளை ஏ வாசலில் மாட்டினாள்.

திரையில் பன்னிரண்டு அசையவில்லை. பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கட்டளை அடித்தாள். ஏ வாசல் வேலையாக இருக்கிறது, திறக்க முடியாது என்றது மெஷின். பூசையன்று கேபிளைக் கழற்றியதிலிருந்து மலையின் எண்ணை வாங்குகிற நிரல் ஏ வாசலைப் பிடித்துக்கொண்டு செத்துக் கிடக்கிறது என்றாள். அதை நிறுத்தவேண்டும். அவசரத்தில் எழுத்து தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள், மறுபடியும் தப்பியது. மூன்றாவது தடவை நிரல் நின்றது.

"அக்கா, ஒங்க கொண்டை ஊசி குடுங்க."

எதற்கு என்று கேட்கவில்லை, உருவிக் கொடுத்தேன். கேபிளைக் கழற்றிவிட்டு, ஏ வாசலின் இரண்டாவது துளையிலும் மூன்றாவது துளையிலும் ஊசியின் இரண்டு காலையும் செருகினாள். ஒன்று மெஷின் பேசுகிற துளை, மற்றது கேட்கிற துளை. இரண்டையும் சேர்த்துவிட்டால் மெஷின் சொல்வது அதன் காதிலேயே திரும்ப விழவேண்டும். வாசல் கெட்டிருந்தால் விழாது. அவள் ஒரு எழுத்தை அடித்தாள். அதே எழுத்து திரும்பி வந்தது. இன்னொன்று அடித்தாள். அதுவும் வந்தது.

"வாசல் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஊசியை உருவினாள். கேபிளை மாட்டினாள். நிரலை மறுபடி எழுப்பும் கட்டளையை அடித்தாள். சிலுவை போடவில்லை. அப்படியே என்டரைத் தட்டினாள்.

திரையின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. பிறகு எண் வந்தது. ஐம்பத்தெட்டு, சிவப்பில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று.

அனோஜா துரையைப் பற்றிக் கேட்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில் சங்கின் பொத்தான் இருக்கிறது. அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஊதும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அவள் போய் அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தொழிற்சாலை முழுக்க அதிர்ந்தது. "நீங்க அம்மாவத் தூக்குங்க, ஓடுங்க!" என்று அவள் கத்தியது அந்தச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது.

ஓடையைத் தாண்டி நான் லயத்துக்கு வந்தபோது சனம் வாசலில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டிருந்தது. "மறுபடியும் அந்தப் புள்ள ஆரம்பிச்சிருச்சா?" என்று யாரோ சிரித்தார்கள். நான் சிரித்தவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் காம்பரா துஷாந்த் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டான். அம்மா வலியில் அலறினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏறினோம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஓடையின் தண்ணீர் சிவப்பாகவும் கூழாகவும் ஓடியது.

மைதானத்தில் மழை மட்டும்தான் இருந்தது. நேரம் போகப் போகச் சனத்துக்குப் பயம் தெளிந்து கோபம் வந்தது. மலை நின்ற இடத்தில் நின்றது. மாட்டை அவிழ்க்கவில்லை, அடுப்பை அணைக்கவில்லை, டிவியில் தண்ணீர் படும் என்று ஆளாளுக்கு முனகினார்கள். செல்லசாமி அண்ணன் இரண்டு தடவை கீழே இறங்கப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு ஊதி நின்றால்தான் எதுவும் தொடங்கும், எதுவும் முடியும். ஊதிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் நகரமாட்டார்கள். "இன்னும் நிக்கலயே," என்று அவர் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். சங்கு அத்தனை நேரம் ஊதி யாருமே கேட்டதில்லை. கேட்கக் கேட்கத் தலை வலித்தது. "அந்தப் புள்ளைக்குக் கை வலிக்காதா?" என்று அம்மா மழைக்குள்ளிருந்து கேட்டார்.

பிறகு சங்கு நின்றது.

"அப்பாடா, முடிஞ்சிருச்சு. வாங்க," என்று செல்லசாமி அண்ணன் காலை எடுத்துவைத்தார். அந்தக் கால் தரையில் படுவதற்குள் சத்தம் வந்தது. காதில் கேட்ட சத்தம் இல்லை, பாதத்தில் கேட்டது. பதினோராம் நம்பர் மலையில் சவுக்கு மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன. தேயிலை நிரைகள் கலையாமல் கீழே வந்தன. கரண்டுக் கம்பம் அதற்கு முன்னாலேயே சாய்ந்து கிடந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த தொங்கல் லயத்தின் தகரங்கள் ஒரு தடவை மேலே எழும்பின. அதற்குப் பிறகு அங்கே சேறுதான் இருந்தது. ஒருவரும் அழவில்லை. அவரவர் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைகளை எண்ணினோம். மறுபடியும் எண்ணினோம். எல்லாரும் இருந்தோம்.

மேல் பாதையைச் சுற்றிக்கொண்டு நான் தொழிற்சாலைக்கு ஓடினேன். உள்ளே கரண்டு இல்லை. மெஷின் அணைந்திருந்தது. அரை இருட்டில் அனோஜா சுவரோடு சாய்ந்து நின்றாள். கட்டைவிரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. நகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"நான் நிப்பாட்டலக்கா," என்றாள். "சத்தியமா நான் நிப்பாட்டல. கரண்டு போயிருச்சு."